பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் இடையே: பழைய கார்களின் உட்புறத்தை யார் காப்பது?

இந்தியச் சட்டத்தின் பார்வையில் ஒரு கார் பாரம்பரியப் பொருளாவதற்கு ஐம்பது ஆண்டுகள் ஆக வேண்டும். 2021ஆம் ஆண்டு ஜூலை மாதம் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்ட திருத்தம், முதற்பதிவு நாளிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களைத் தனி வகையாக வரையறுத்து, அவற்றுக்கெனத் தனிப் பதிவெண் வரிசையையும் ஏற்படுத்தியது. மறுபுறம், தனியார் காரின் முதற்பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும்; அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். அந்தப் புதுப்பிப்புக் கட்டணமும் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆக, பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட 35 ஆண்டுகளில் ஒரு கார் அரசின் கணக்கில் வெறும் பழைய வண்டி. அதை உடைத்துவிடுவதற்கு ஊக்கம் உண்டு. காப்பதற்கு எந்த ஏற்பாடும் இல்லை.

அந்த 35 ஆண்டுகளில்தான் ஒரு காரின் உட்புறம் அழிகிறது. இரும்பும் வார்ப்பும் நெடுநாள் தாங்கும்; துருப்பிடித்த தகட்டை வெட்டிப் புதுத் தகடு பற்றவைக்கலாம். இருக்கை உறை, கூரைத் துணி, கதவின் உட்பலகை, கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர், கண்ணாடி ஏறி இறங்கும் கம்பளித் தடம் ஆகியவை அப்படிப்பட்டவை அல்ல. ஐம்பதாவது ஆண்டில் அரசு வந்து அங்கீகரிக்கும்போது அவற்றில் பெரும்பாலானவை குப்பைக்குப் போயிருக்கும். இந்த இடைவெளியில் அவற்றைக் காக்கக்கூடிய இடம் வீடு ஒன்றுதான். ஆகவே வீட்டு முற்றத்தில் நடக்கும் இந்தச் சீரமைப்பைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடாமல், பொருள்சார் வரலாற்றின் ஒரு பகுதியாக நாம் கருத வேண்டும். அப்படிக் கருதினால், அது செய்யப்படும் முறையும் மாறியாக வேண்டும். இப்பதிவில் நான் சொல்ல விரும்புவது இவ்வளவே. ஆயினும் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எடுத்துக்காட்டாக அம்பாசிடரைக் கொள்வோம். பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு, வங்காளத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950களின் இறுதியில் இதை உருவாக்கத் தொடங்கியது. 2014ஆம் ஆண்டு மே மாதம் உற்பத்தி நின்றது. 2017இல் 'அம்பாசிடர்' என்ற பெயர் மட்டும் 80 கோடி ரூபாய்க்குப் பிரெஞ்சு நிறுவனமான பெஜோவுக்கு விற்கப்பட்டது. பெயருக்கு அவ்வளவு விலை. ஆனால் 1980களிலும் 1990களிலும் வெளிவந்த அம்பாசிடர்கள் இன்று நான் சொன்ன இடைவெளிக்குள் நிற்கின்றன. ஐம்பதை எட்ட 1984ஆம் ஆண்டு வண்டிக்கு இன்னும் காலம் இருக்கிறது; 1995ஆம் ஆண்டு வண்டிக்கோ 2045 வரை காத்திருக்க வேண்டும்.

உலகளவில் இந்த எல்லை இவ்வளவு தொலைவில் இல்லை. பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபீவா, குறைந்தது 30 ஆண்டுகள் பழமையானதாகவும், வரலாற்று நோக்கில் சரியான நிலையில் பேணப்படுவதாகவும், அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாததாகவும் உள்ள வாகனத்தை வரலாற்று வாகனம் என்கிறது. முப்பதுக்கும் ஐம்பதுக்கும் உள்ள இருபதாண்டு வேறுபாடு சிறிதன்று. வெயிலும் ஈரமும் மாறிமாறி வாட்டும் நம் தட்பவெப்பத்தில் ஒரு ரெக்சின் உறையின் முழு ஆயுளே அதற்குள் முடிந்துவிடும்.

சட்டத்தில் இன்னொரு குறையும் உண்டு. ஒரு வாகனம் மூல வடிவில் இருக்கிறதா என்பதைத் தீர்மானிக்க 2021ஆம் ஆண்டுத் திருத்தம் பெயர் சொல்லிக் குறிப்பிடுபவை மூன்று: அடிச்சட்டம், உடற்கூடு, பொறி. இவற்றில் மாற்றம் இருந்தால் தகுதி போய்விடும். உட்புறத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. எனவே, பொறியை மாற்ற அஞ்சும் உரிமையாளர் உட்புறத்தை முழுவதுமாகப் பிய்த்தெறியத் தயங்குவதில்லை. நகரங்களில் 'ரெஸ்டோரேஷன்' என்ற பெயரில் நடப்பதைப் பாருங்கள். பழைய இருக்கைகள் தோலுரிக்கப்படுகின்றன. வெண்ணெய் நிறத்திலோ இரத்தச் சிவப்பிலோ புதுச் செயற்கைத் தோல் போர்த்தப்படுகிறது. கைப்பிடியால் சுற்றி ஏற்றும் கண்ணாடிகளுக்கு மின்விசைப் பொறி பொருத்தப்படுகிறது. முன்கதவின் முக்கோணச் சிறு கண்ணாடி நீக்கப்பட்டு ஒரே கண்ணாடியாக்கப்படுகிறது. வண்டி பளபளக்கிறது. அது எந்தக் காலத்து வண்டி என்பதை மட்டும் உள்ளே அமர்ந்தவரால் சொல்ல முடிவதில்லை. இதற்குக் கடைக்காரர்களைக் குறைகூற மாட்டேன்; அவர்கள் கேட்டதைச் செய்து தருகிறார்கள். என் குறை கேட்பவர்களின் மனநிலை பற்றியது.

உட்புறம் ஏன் இவ்வளவு முக்கியம்? ஒரு காரின் வெளிவடிவமும் பொறியும் தொழிற்சாலையின் வரலாற்றைச் சொல்லும். அந்த வரலாற்றுக்கு வேறு சான்றுகளும் உண்டு: விளம்பரங்கள், கையேடுகள், ஒரே வார்ப்பில் வந்த பிற வண்டிகள். உட்புறம் அதைப் பயன்படுத்திய மனிதர்களின் வரலாற்றைச் சொல்லும். அதற்கு வேறு படி கிடையாது. மும்பையின் கறுப்பு-மஞ்சள் பிரீமியர் பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபர் 30 முதல் சாலையிலிருந்து விலகின. வெளியிலிருந்து பார்க்க எல்லாம் ஒன்றுபோலவே இருந்த அவ்வண்டிகளின் உள்ளே ஒவ்வொரு ஓட்டுநரும் தமக்கென ஓர் உலகை அமைத்திருந்தார்: கூரையில் பூவேலைத் துணி, முகப்புப் பலகையில் தெய்வப்படம், இருக்கையில் அச்சிட்ட உறை. அந்த மரபைக் கண்டுதான் 2015இல் இளம் வடிவமைப்பாளர்கள் டாக்சிகளின் உட்புறத்தைத் தங்கள் ஓவியத் துணிகளால் போர்த்தும் முயற்சியை மும்பையில் தொடங்கினார்கள். அருங்காட்சியகத்துக்கு ஒரு பத்மினி போகும்போது அதன் உட்புறத்தைத் 'தொழிற்சாலை நிலை'க்குத் திருப்பிவிட்டால், அந்த ஓட்டுநரின் முப்பதாண்டு உழைப்பை நாம் அழித்தவர்களாவோம்.

சொற்களுக்கும் இதே கதைதான். நாம் அன்றாடம் சொல்லும் 'ரெக்சின்' என்பது, மான்செஸ்டருக்கு அருகிலுள்ள ஹைடு என்ற ஊரின் ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர். துணியின் மேல் செல்லுலோஸ் நைட்ரேட் கலவையைப் பூசித் தோல்போலத் தடம் பதித்துச் செய்யப்பட்ட பொருள் அது. பின்னர் அந்த இடத்தை வினைல் பிடித்துக்கொண்டது. பெயர் மட்டும் நம் மொழிகளில் தங்கிவிட்டது. ஒரு பழைய இருக்கையின் கிழிந்த ஓரத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால், அடித்துணி எது, மேற்பூச்சு எது, எத்தனை முறை எந்த நூலால் தைக்கப்பட்டது என்பதெல்லாம் தெரியும். அதை வீசியெறிந்த பின் எந்த ஆவணக் காப்பகத்துக்குப் போனாலும் அத்தகவல் கிடைக்காது.

தமிழ் பயின்றவர்களுக்கு இதை விளக்கப் பதிப்பியலே போதும். ஏட்டுச்சுவடியில் செல்லரித்த இடத்தை நல்ல பதிப்பாசிரியர் தம் சொல்லால் நிரப்புவதில்லை. புறநானூற்றில் 267, 268 ஆகிய எண்களுக்குரிய பாடல்கள் கிடைக்கவில்லை. உ.வே.சாமிநாதையர் 1894இல் அந்நூலைப் பதிப்பித்த பின் நூறாண்டுக்கு மேலாகியும் அவ்விடங்கள் வெற்றிடங்களாகவே உள்ளன; சிதைந்த அடிகள் பதிப்புகளில் புள்ளிகளாகவே நிற்கின்றன. அந்தப் புள்ளிகளை நாம் குறையாகக் கருதுவதில்லை, நேர்மையாகக் கருதுகிறோம். பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் தருவதும் அதே நேர்மைதான். சுவடிக்கு நாம் விதித்துக்கொண்ட இந்த ஒழுங்கை இருக்கை உறைக்கும் சன்னல் கண்ணாடிக்கும் விதித்துக்கொள்வதில் என்ன தடை?

கட்டடப் பாதுகாப்பில் இவ்வொழுங்கு 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனத்தில் எழுத்துருப் பெற்றது. ஒரு நினைவுச்சின்னத்தில் எல்லாக் காலத்தவரும் சேர்த்த தக்க பங்களிப்புகளை மதிக்க வேண்டும் என்றும், ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டெடுப்பு நின்றுவிட வேண்டும் என்றும் அது வலியுறுத்தியது. அந்த வழியைப் பின்பற்றி ஃபீவா உருவாக்கிய டூரின் சாசனம் வாகனங்களுக்கு வந்தது. அச்சாசனம் பேணுதல், பாதுகாத்தல், மீட்டெடுத்தல் என்று படிநிலைகளைப் பிரிக்கிறது. இயன்றவரை முதற்படியிலேயே நின்றுகொள்வதும், மேலேறும் ஒவ்வொரு படிக்கும் காரணம் சொல்வதும் அதன் சாரம். இவை பெரும் பொருட்செலவு கேட்கும் விதிகள் அல்ல. உண்மையில், அனைத்தையும் மாற்றுவதைவிட இருப்பதைக் காப்பதற்கே செலவு குறைவு. பொறுமைதான் அதிகம் வேண்டும்.

நான் ஆய்வு மாணவனாகத் தங்கியிருக்கும் கொல்கத்தாவில், நண்பர் ஒருவரின் குடும்பத்துக்குரிய 1984ஆம் ஆண்டு அம்பாசிடரின் உட்புற வேலையில் கடந்த ஈராண்டுகளாக உதவி வருகிறேன். பின்னிருக்கையைக் கழற்றியபோது மூன்று உறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. அடியில் தொழிற்சாலை ரெக்சின். அதன்மேல் கோடிட்ட பருத்தித் துணி. எல்லாவற்றுக்கும் மேல் மெரூன் நிற வெல்வெட். முன்னிருக்கையின் பின்புறத்தில் ஒரு குழந்தை பந்துமுனைப் பேனாவால் வங்க எழுத்துகளை எழுதிப் பழகியிருந்தது. இவற்றில் 'மூலம்' எது? தொழிற்சாலை நிலையே மூலம் என்றால், மேலிரண்டு உறைகளையும் அந்த எழுத்துகளையும் நீக்க வேண்டும். அந்தக் குடும்பம் வண்டியோடு வாழ்ந்த வாழ்வும் வரலாறு என்றால் நீக்கக் கூடாது. நீண்ட விவாதத்துக்குப்பின் எடுத்த முடிவு இது: தொழிற்சாலை ரெக்சினைத் தூய்மை செய்து வெளித்தெரிய விடுவது, மற்ற இரு உறைகளையும் துவைத்து, நாள் குறித்துப் பருத்திப் பையில் வைப்பது, பேனா எழுத்துகளைத் தொடாமல் விடுவது. வேறொருவர் வேறு முடிவு எடுக்கலாம். எந்த முடிவாயினும் அடுத்த தலைமுறை அதை மாற்றிக்கொள்ள இடம் வைத்திருக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

நடைமுறையில் இது எப்படி அமையும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொள்கை மட்டும் பேசிவிட்டுக் கையழுக்குப் படாமல் போவது ஆய்வுலகத்தின் பழைய வழக்கம்.

இருக்கையில் தொடங்குவோம். எதையும் கழற்றும் முன் ஒளிப்படம் எடுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் எண்ணிட வேண்டும். வினைல் வெடிப்பதற்குக் காரணம், அதை நெகிழ்வாக வைத்திருக்கும் வேதிப்பொருள் வெப்பத்தில் மெல்ல வெளியேறுவதுதான். நெடுநாள் மூடிக்கிடந்த காரில் முன்கண்ணாடியின் உட்புறம் படியும் எண்ணெய்த் திரையில் பெரும்பங்கு அவ்வாறு வெளியேறியதே. போனது திரும்பாது; மேலும் போகாமல் தடுக்கலாம். வெதுவெதுப்பான நீர், மென்மையான சோப்பு, மென்தூரிகை ஆகியவை போதும். பெட்ரோலும் தின்னரும் மேற்பூச்சையே கரைத்துவிடும். கிழிசலுக்கு அடியில் துணி வைத்து ஒட்டலாம். சுருள்வில்களின் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்துத் தடுப்புப் பூச்சு அடித்து, சாக்குத் துணியும் நாரும் அடைத்திருந்த வரிசையிலேயே மீண்டும் அடைக்கலாம். மழைக்காலப் பூஞ்சணம் பிடித்த நாரை உதறும்போது முகக்கவசம் கட்டாயம் வேண்டும். உலோகப் பகுதிகளின் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்நிலையில் தேய்த்துத் தூசி கிளப்புவது கூடாது.

கூரைத் துணி வளைந்த கம்பிகளில் கோக்கப்பட்டு இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். கம்பிகளின் நீளமும் வளைவும் ஒன்றுபோல் இராது. முன்பின் வரிசை குழம்பினால் கூரை சுருங்கித் தொங்கும். கதவின் உட்பலகை பெரும்பாலும் அழுத்திய ஹார்ட்போர்டு. அது ஊதிச் சிதைவது மேலிருந்து வரும் நீரால் என்பதை உணராமல் பலகையை மட்டும் மாற்றினால், இரு மழைக்காலத்தில் புதுப்பலகையும் போய்விடும்.

சன்னல்களைப் புரிந்துகொள்ள வேண்டியது இதனால்தான். கண்ணாடிக்கும் கதவுத் தகட்டுக்கும் இடையே மழைநீர் உள்ளே இறங்குவது இயல்பு. கதவின் அமைப்பே அதை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. உள்ளே வரும் நீர் அடிவிளிம்பிலுள்ள சிறு துளைகள் வழியே வெளியேற வேண்டும். உட்பலகைக்குப் பின்னுள்ள ஈரத்தடுப்புத் தாள் பலகையைக் காக்க வேண்டும். துளைகள் அழுக்கால் அடைபட்டு, தாளும் கிழிந்துபோனால் கதவு அடியிலிருந்து துருப்பிடிக்கும். கண்ணாடி இறுகினால் கைப்பிடியை வலிந்து சுற்றுகிறோம். பல்சக்கரம் தேய்ந்து உடைகிறது. பழுது பெரும்பாலும் சக்கரத்தில் இருப்பதில்லை. காய்ந்து கெட்டியான கிரீஸிலும் உலர்ந்து சுருங்கிய கம்பளித் தடத்திலும்தான் இருக்கும். பழைய கிரீஸை மண்ணெண்ணெயால் கழுவிப் புதுக் கிரீஸ் இடுங்கள். ரப்பரில் மட்டும் அந்தக் கிரீஸ் படக் கூடாது; அது ரப்பரை ஊதச்செய்யும். வாங்கக் கிடைக்கும் மிகச் சில புதுப்பொருள்களில் இந்த ரப்பரும் தடமும் அடங்கும். அவற்றை மாற்றுவதில் தயக்கம் வேண்டாம். பழையதில் ஒரு சாண் நீளம் வெட்டி, உறையிலிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முன்கண்ணாடியைப் பொருத்துவது இருவர் வேலை. ரப்பர் பட்டையின் உள்மடிப்பில் ஒரு கயிற்றைச் சுற்றிலும் செருகி, சோப்புநீர் தடவி, வெளியிலிருந்து ஒருவர் கண்ணாடியைச் சீராக அழுத்த, உள்ளிருந்து மற்றவர் கயிற்றை மெல்ல உருவினால், மடிப்பு தகட்டு விளிம்பின்மேல் ஏறி அமரும். மிக எளிய இந்த முறையை எனக்குக் கற்றுத்தந்தவர் பள்ளி செல்லாத ஒரு முதியவர். கண்ணாடியின் ஓரத்தில் செய்தவர் முத்திரை இருந்தால், அந்தக் கண்ணாடியைக் காப்பதற்கு அதுவே போதுமான காரணம். வைப்பர் கீறிய மெல்லிய கோடுகளைச் சீரியம் ஆக்சைடு கொண்டு தேய்த்துக் குறைக்கலாம். ஆழமான கீறலைத் தேய்த்தால் குழி விழுந்து காட்சி நெளியும். அடுக்குக் கண்ணாடியின் ஓரம் பால்போல் வெளுத்து வந்தால் வீட்டில் செய்வதற்கு ஒன்றுமில்லை. கறுப்புத் தாளைப் பற்றி ஒரு சொல்: முன், பின் கண்ணாடிகள் 70 விழுக்காடும் பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடும் ஒளியை விட வேண்டும் என்பது விதி. 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கறுப்புத் தாளுக்குத் தடை விதித்தது. சட்டம் ஒருபுறமிருக்க, எளிதில் உரித்தெடுக்க முடியாத பசையைப் பழைய கண்ணாடியில் ஒட்டுவது பாதுகாப்பு நெறிக்கே எதிரானது.

எதிர்வாதங்கள் உண்டு. பழைய வண்டிகள் காற்றை மாசுபடுத்துகின்றன என்பது உண்மை. தில்லித் தலைநகர வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல், 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வாகனங்கள் ஓடக் கூடாதென்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பிறப்பித்த ஆணையை 2018இல் உச்ச நீதிமன்றமும் நிலைநாட்டியதற்குக் காரணம் அந்நகரத்துக் குழந்தைகளின் நுரையீரல். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் காப்பதற்கு ஓட்டியாக வேண்டும் என்பதில்லை. ஓடாமல் நிற்கும் காரின் இருக்கையும் கண்ணாடியும் யாருடைய காற்றையும் கெடுப்பதில்லை. ஓட்ட உரிமையின்றி, ஆவணப்படுத்தி வைத்துக்கொள்ள மட்டும் அனுமதிக்கும் ஒரு பதிவு வகையை 30 ஆண்டு கடந்த வாகனங்களுக்கு அரசு ஏற்படுத்தலாம். மூலத்தன்மையின் வரையறையில் உட்புறத்தையும் சேர்க்கலாம்.

பாதுகாப்பு என்பது இரண்டாவது வாதம். சாலையில் ஓடும் வண்டியில் இருக்கைப் பட்டை, நல்ல மின்கம்பிகள், பழுதற்ற அடுக்குக் கண்ணாடி ஆகியவற்றில் சமரசம் கூடாது. உயிரா, மூலத்தன்மையா என்ற நிலை வந்தால் உயிர்தான். கழற்றியதை வீசாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

மூன்றாவது வாதம்தான் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது: கார் வைத்திருந்தவர்கள் சிறுபான்மையினர்; அவர்களுடைய பழைய நினைவுகளுக்கு ஆய்வுலகம் ஏன் நேரம் ஒதுக்க வேண்டும்? காரின் உரிமையாளரை மட்டும் பார்த்தால் இக்கேள்வி நியாயமானது. ஆனால் உட்புறத்தைத் தைத்தவர், நார் அடைத்தவர், கண்ணாடி பொருத்தியவர், வாடகைக்கு ஓட்டி அதிலேயே உறங்கியவர் ஆகியோர் அதன் உரிமையாளர்களாக இருந்ததில்லை. அவர்கள் எழுதிவைத்த ஆவணம் ஏதுமில்லை. அவர்களின் கையெழுத்து அந்தத் தையலில்தான் இருக்கிறது. உறையைப் பிய்த்தெறியும்போது நாம் இழப்பது அவர்களுடைய சான்றைத்தான்.

எனவே மாணவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் இருக்கை உறை தைக்கும் பழைய கடைகள், கண்ணாடி பொருத்தும் பட்டறைகள் இன்னும் சில இருக்கும். அங்குள்ள முதியவர்களிடம் அவர்கள் பயன்படுத்திய ஊசி, நூல், பசை, அடைப்புப் பொருள் ஆகியவற்றின் பெயர்களையும், யாரிடம் தொழில் கற்றார்கள் என்பதையும் பதிவு செய்யுங்கள். வரலாறு, நாட்டார் வழக்காற்றியல், பொருளறிவியல், இயந்திரவியல் என எந்தத் துறையிலும் இது முதுகலை ஆய்வேட்டுக்குத் தகுதியான பொருள். வீட்டில் பழைய கார் வைத்திருப்பவர்கள் வேலையைத் தொடங்கும் முன் நான்கு கதவுகளையும் திறந்து முழு உட்புறத்தையும் ஒளிப்படம் எடுத்து, கழற்றும் ஒவ்வொரு பொருளிலும் ஒரு சிறு துண்டையாவது தேதியிட்டு எடுத்து வையுங்கள். ஒரு பிற்பகல் போதும்.